கூழாளும் ஆளோலையும்: தமிழிலக்கியத்தில் அடிமை வழக்கு

‘வழக்கு’ என்னும் தமிழ்ச் சொல் இரு பொருள் தருவது. நெடுங்காலம் பயின்று வந்த ஒழுகலாறும் வழக்கு. அவ்வொழுகலாறு முறையாமோ என அவையில் எழுப்பப்பெறும் வாதமும் வழக்கு. முதற்பொருளில் வழக்காக நின்ற ஒன்று இரண்டாம் பொருளில் வழக்காக மாறும் காலமே ஒரு சமுதாய வரலாற்றின் திருப்பம் எனலாம். அடிமை முறை உலகின் பல நாடுகளில் முதற்பொருளில் வழக்காக இருந்தது. வட அமெரிக்காவில் அது இரண்டாம் பொருளிலும் வழக்காயிற்று. அவ்வழக்கு திருச்சபைகளைப் பிளந்தது. அரசியற் கட்சிகளைப் பிளந்தது. முடிவில் நாட்டையே இரண்டாக்கி 1861இல் போர்க்களத்தில் கொண்டு நிறுத்திற்று.

அதே நூற்றாண்டில் தமிழகத்திலும் அடிமைகள் இருந்தனர். அவர்களைப் பற்றிய குறிப்புகள் நம் இலக்கியத்தில் தொல்காப்பியந் தொட்டே உள. ‘அடியோர்’, ‘வினைவலர்’ என்போரை அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்திக் கைக்கிளை, பெருந்திணை ஆகியவற்றுக்கு உரியராக்கிய இலக்கணம் நம்முடையது. பிறர் ஏவலின்கீழ் வாழ்வோர்க்குத் தம் காதலும் தமக்கு உரியதன்று என்னும் உலகியலை அவ்விலக்கணம் பதிவு செய்துள்ளது. எனினும், ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்கு உடைமையாதல் தகுமோ என்னும் வினா நம் பழைய இலக்கியத்தில் வழக்காக எழுந்ததா? எழவில்லையெனின் அதன் காரணம் யாது? எழுந்த காலம் எது? இம்மூன்று வினாக்களையும் திருவில்லிபுத்தூர்ப் பகுதியோடு தொடர்புடைய நூல்களை நடுவாக வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வாழாளும் கூழாளும்

திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார் பாடிய திருப்பல்லாண்டு, இறைவனுக்கு வாழ்த்துக் கூறும் அடியார் கூட்டத்தைத் திரட்டும் பாடலாகும். அதன் மூன்றாம் பாசுரத்தில் ஆழ்வார் ஆட்பட்டோரை இரு வகையாகப் பிரிக்கின்றார். வாழ்வு பெறுதற்கு ஆளானவர்களை வருக என அழைக்கின்றார். கூழுக்காக ஆளானவர்களைத் தம் குழுவில் புகவிடோம் என விலக்குகின்றார். முன்னவரை வாழாள் என்றும் பின்னவரைக் கூழாள் என்றும் ஈண்டுக் குறிப்போம்.

ஆழ்வாரின் கருத்து வெளிப்படை. பயன் கருதி வழிபடுவோரை அவர் விலக்குகின்றார். பயன் கருதாத தொண்டரை அழைக்கின்றார். ஐந்தாம் பாசுரத்தில் பழைய குலத்தைத் துறந்து தொண்டர் குலத்தில் சேருமாறு கூறுகின்றார். பிறப்பால் வந்த உயர்வு தாழ்வைக் கடந்த ஒரு கூட்டத்தை அவர் உள்ளம் அவாவிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் உவமைக்கு எடுத்துக்கொண்ட பொருளை நோக்குதல் வேண்டும். கூழுக்காகத் தன்னை விற்றவன் என்றொருவன் ஊரில் இருந்தாலன்றி அவ்வுவமை கேட்போர் நெஞ்சில் பதியாது. அத்தகையோன் அன்று இருந்தான். கேட்டோர் அனைவரும் அவனை அறிந்திருந்தனர். பாசுரத்தில் அவன் மேல் விழுவது இரக்கமன்று, இகழ்ச்சி. அவனைக் கூழுக்கு விலையாக்கிய பசியும், கூழ் கொடுத்து வாங்கிய தலைவனும் பாசுரத்தின் எல்லைக்குள் வரவில்லை.

இவ்வுவமை வெறுங் கற்பனையன்று என்பதற்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் உரையாசிரியரான பெரியவாச்சான் பிள்ளையே சான்று. அப்பாசுரத்தில் வரும் மண், மணம் என்னும் இரு சொற்களுக்கு விளக்கம் கூறுங்கால், அடிமை விலையோலை எழுதும்போது தலைவனின் மண்ணுக்கும் மணத்துக்கும் உரியவன் என எழுதும் மரபினை அவர் எடுத்துக் காட்டுகின்றார். அதனை ஒட்டியே, திருவிழாவின் முளைச்சடங்கிற்குப் புழுதிமண் சுமத்தலும், திருக்கல்யாணத்தில் தமதென்னும் பற்றோடு ஈடுபடுதலும் தொண்டர்க்கு உரியன என்று பொருள் விரிக்கின்றார். சமய நுட்பம் ஒன்றை விளக்க, விலையோலையின் வாசகம் அவருக்குக் கைகொடுக்கின்றது. கற்போர்க்கு அவ்வாசகம் பழக்கமானதாக இருந்தமையால்தான் உரையாசிரியர் அதனை எடுத்தாண்டார்.

பெரியாழ்வாரின் மகளாரான ஆண்டாள் இவ்வோலையின் மற்றொரு கூற்றினை எடுத்துக்கொண்டார் எனலாம். அடிமை ஓலையின் கொடுமை, அது எழுதினவனோடு முடியாது அவன் வழித்தோன்றல்களையும் கட்டுவதாகும். திருப்பாவையின் இருபத்தொன்பதாம் பாசுரத்தில், பறை பெறுதற்காக வந்தோமல்லேம் என்று கூறும் ஆண்டாள், பிறவிதோறும் தொடரும் தொண்டினையே வேண்டுகின்றார். தலைமுறைக் கட்டு என்னும் தளையைக் காதலின் பேறாக மாற்றிய கவிதை உள்ளம் வியத்தற்குரியது. ஆனால் வியந்து நின்றுவிடுதல் திறனாய்வாளன் பணியன்று. தளை அணியாக மாறிய இடத்தில், தளை தளையாகவே இருந்தவர்களின் நிலை என்னாயிற்று என்றும் அவன் கேட்டல் வேண்டும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். இறைவனுக்கு அடிமையாதல் மனிதனுக்கு அடிமையாகாமைக்கு வழியன்றோ என்பது அத்தடை. அது வலியுடைய தடையே. இறைவனுக்கு ஆளானமையாலேயே அரசனின் ஆணைக்கு அஞ்சாது நின்ற திருநாவுக்கரசர் அதற்குத் தக்க சான்றாவார். பக்தி நெறி, மன்னனையும் தொண்டனையும் ஒரே இறைவனுக்கு ஆளாக்கி மன்னனின் செருக்கினை அடக்கிற்று. ஆனால் அவ்விடுதலை உள்ளத்தின் விடுதலை. விலையோலையால் கட்டுண்டவனுக்கு அது தாங்கும் ஆற்றலைத் தந்திருக்கலாம். ஓலையைக் கிழிக்கும் உரிமையைத் தரவில்லை. ஓலையைக் கிழித்த ஒருவரின் கதையும் நம்மிடம் உண்டு. அடுத்து அதனைக் காண்போம்.

2. வெண்ணெய்நல்லூர் வழக்கு

சேக்கிழாரின் பெரிய புராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம், தமிழிலக்கியத்தில் அடிமை பற்றி அவையில் நிகழ்ந்த பெருவழக்காகும். புத்தூரில் சுந்தரரின் மணப்பந்தரில் முதிய அந்தணர் ஒருவர் தோன்றி, மணமகன் தம் அடிமை என்கின்றார். சுந்தரர் நகைக்கின்றார். குற்றமற்ற அந்தணர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாதல் கேட்டறியாத ஒன்று என்பதே அவருடைய மறுப்பு. முதியவர் ஓலையைக் காட்ட, சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்துவிடுகின்றார். கிழிபட்டது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் உள்ளது என்கின்றார் முதியவர். வழக்கு அவ்வூர் அவைக்குச் செல்கின்றது. அனுபோகம், ஆவணம், அயலார் சாட்சி என்னும் மூவகைச் சான்றுகளுள் ஒன்றேனும் வேண்டும் என அவையத்தார் கேட்கின்றனர். மூல ஓலை கொணரப்படுகின்றது. அதில் சுந்தரரின் பாட்டனார், தாமும் தம் வழியினரும் பணிசெய்வதாக எழுதித் தந்துள்ளார். பாட்டனாரின் வேறோர் ஓலையோடு கையெழுத்து ஒப்பிடப்படுகின்றது, ஒத்திருக்கின்றது. சுந்தரர் தோற்றார் எனத் தீர்ப்பாகின்றது.

சேக்கிழாரின் நாடகத் திறனும் நீதிமுறை அறிவும் இப்பகுதியில் ஒருங்கே விளங்குகின்றன. வழக்கின் ஒவ்வொரு படியும் ஒழுங்காக நடக்கின்றது. ஆனால் அவையில் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. பிறவாத பேரனைப் பாட்டன் எழுதிக்கொடுக்க இயலுமோ என்பதே அக்கேள்வி. சுந்தரரும் அதனைக் கேட்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் தம் குலத்தார் அடிமையாதல் உண்டோ என்பதே. அந்தணர் அடிமையாதல் இல்லை என்னும் மறுப்பினுள், பிறர் அடிமையாதல் உண்டு என்னும் உடன்பாடு அடங்கியிருக்கின்றது. வழக்கு முழுவதும் ஓலை மெய்யோ பொய்யோ என்பது பற்றியதேயன்றி, ஓலை அறமோ என்பது பற்றியதன்று.

அருட்செயலைக் கூறும் புராணத்தில் சமுதாயச் சீர்திருத்தம் தேடுதல் முறையன்று என்பர். உண்மையே, சேக்கிழாரைக் குறை கூறுதல் ஈண்டு நோக்கமன்று. ஒரு நூலில் எது வாதிக்கப்படுகின்றது என்பது ஆசிரியரின் கருத்தைக் காட்டும். எது வாதிக்கப்படாமலே ஏற்கப்படுகின்றது என்பது அவர் காலத்துச் சமுதாயத்தைக் காட்டும். வெண்ணெய்நல்லூர் அவையில் ஓலையின் அறம் பேசப்படாமை, அவ்வறம் அன்று எவர்க்கும் வினாவாகத் தோன்றவில்லை என்பதனையே புலப்படுத்துகின்றது.

3. கல்வெட்டும் பள்ளும்

இலக்கியத்தில் உவமையாகவும் அருட்கதையாகவும் நின்ற ஓலை, கல்வெட்டில் வெறும் ஓலையாகவே நிற்கின்றது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டளவில், சோழநாட்டுத் திருப்பாம்புரத்தில் வேளாளர் ஒருவர் தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றார் என்பதனை அவ்வூர்க் கல்வெட்டுக் கூறுகின்றது. காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சக் காலம் அது. பெரியாழ்வாரின் பாகுபாட்டின்படி இவர் யார்? கோயிலுக்கு ஆளானமையால் வாழாளா, பசியால் ஆளானமையால் கூழாளா? பாசுரத்தில் தெளிவாகப் பிரிந்து நின்ற இருவரும் கல்வெட்டில் ஒரே மனிதராகிவிடுகின்றனர். பாட்டின் பாகுபாடு பஞ்சத்தின் முன் நிற்கவில்லை.

பிற்காலத்தெழுந்த பள்ளு இலக்கியத்தில் பண்ணையாளே கதைத் தலைவனாகின்றான். தாமிரபரணிக் கரையின் வளத்தைப் பாடும் முக்கூடற்பள்ளு அவ்வகையுள் சிறந்தது. நெல்வகை, மாட்டின் வகை, ஏரின் உறுப்பு, மழைக்குறி ஆகிய அனைத்தையும் அந்நூல் உழவனின் வாய்மொழியாகவே தருகின்றது. உழைப்பவனின் அறிவை இத்துணை மதித்த இலக்கிய வகை தமிழில் வேறில்லை எனலாம். ஆனால் அதே நூலில், மூத்த மனைவியின் முறையீட்டைக் கேட்ட பண்ணைக்காரன், குடும்பனைத் தொழுமரத்தில் மாட்டித் தண்டிக்கின்றான். பின்னர் அவளே மனமிரங்கி வேண்ட, விடுவிக்கின்றான். தண்டிக்கும் உரிமை பண்ணைக்காரனுக்கு எவ்வாறு வந்தது என்று நூலில் எவரும் கேட்பதில்லை. தொழுமரக் காட்சி நகைச்சுவைக் காட்சியாக அமைந்துள்ளது. அவையோர் சிரிக்கின்றனர். அச்சிரிப்பே அடிமை முறை எத்துணை ஆழமாக வழக்காகிவிட்டது என்பதற்குச் சான்று.

4. அமெரிக்காவில் வழக்கு எழுந்தவாறு

இனி அமெரிக்காவை நோக்குவோம். ஆங்கும் நெடுங்காலம் அடிமை முறை வழக்காகவே இருந்தது. அது வாதமாக மாறியதற்கு அறவுணர்ச்சியோடு நிலப்பரப்பும் ஒரு காரணமாகும். ஒரே அரசியலமைப்பின்கீழ் அடிமை மாநிலங்களும் அடிமையில்லா மாநிலங்களும் அடுத்தடுத்து இருந்தன. மேற்கே புதிய நிலம் சேருந்தோறும் அங்கு அடிமை உண்டோ இல்லையோ என்னும் வினா எழுந்தது. 1820ஆம் ஆண்டின் மிசௌரி உடன்படிக்கை வரைபடத்தில் கோடு ஒன்று கிழித்து அவ்வினாவை ஒத்திவைத்தது. 1854ஆம் ஆண்டின் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் அக்கோட்டினை அழித்தது. கான்சாஸில் இரு தரப்பினரும் படைக்கலம் ஏந்தினர். இடையே 1844இல் மெதடிஸ்டு திருச்சபையும், 1845இல் பாப்டிஸ்டு திருச்சபையும் இவ்வினாவால் வடக்கு, தெற்கு எனப் பிரிந்தன. இரு தரப்பாரும் ஒரே திருமறையைக் கையில் வைத்துக்கொண்டு வாதிட்டனர் என்பது கருதற்பாலது.

1850ஆம் ஆண்டில், தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தரும் கடமையை வடநாட்டார் மீதும் சுமத்திய சட்டம் வந்தது. அதுகாறும் அடிமை முறை பிறருடைய பாவம் என்றிருந்த வடநாட்டான், தன் வாயிலில் வந்து நிற்கும் அடிமையைக் காட்டிக்கொடுப்பதா காப்பதா எனத் தானே முடிவு செய்ய வேண்டியவனானான். இச்சட்டத்தின் பின்னணியில் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய ‘டாம் மாமாவின் குடில்’ 1852இல் நூலாக வெளிவந்தது. முதலாண்டிலேயே அமெரிக்காவில் சுமார் 3 இலட்சம் படிகள் விற்றன. தென்னாட்டில் அதற்கு மறுப்பாகப் புதினங்கள் பல எழுந்தன. ஒரு கதையை மறுக்க வேறு கதைகள் எழுதப்பட்டமை, கதையே வழக்குரையாகிவிட்டது என்பதனைக் காட்டும்.

வெண்ணெய்நல்லூர் வழக்கோடு ஒப்பிடத்தக்க வழக்கொன்றும் அந்நாட்டில் நிகழ்ந்தது. டிரெட் ஸ்காட் என்னும் அடிமை, தம் தலைவர் தம்மை அடிமையில்லா நிலத்தில் வைத்திருந்தமையால் தாம் விடுதலை பெற்றவர் என 1846இல் வழக்குத் தொடுத்தார். 1857இல் உச்ச நீதிமன்றம் எழுவர்க்கு இருவர் என்னும் பெரும்பான்மையால் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கருப்பின மக்கள் அந்நாட்டுக் குடிமக்களாகார், ஆதலின் நீதிமன்றத்தை நாடும் உரிமையும் அவர்க்கில்லை என்றது தீர்ப்பு. சுந்தரர் அவையில் பேசினார். அவர் பேச்சு கேட்கப்பட்டது. ஸ்காட்டின் வழக்கிலோ அவர் பேசத் தகுதியுடையவரோ என்பதே வினாவாயிற்று. எனினும் விளைவு வேறு. வெண்ணெய்நல்லூரில் தீர்ப்போடு வழக்கு முடிந்தது. அமெரிக்காவில் தீர்ப்பால் வழக்கு மூண்டது. 1860இல் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் தென் கரோலினா பிரிந்தது. 1861 ஏப்ரலில் போர் தொடங்கிற்று. நான்காண்டுப் போரில் 6 இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகளின் விடுதலையை 1865ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் உறுதி செய்தது.

இப்போரின் அலை நம் கரிசல் நிலத்தையும் தொட்டது. தென்னாட்டுத் துறைமுகங்கள் முற்றுகைக்குள்ளாகி லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்துக் குன்றியபோது, இந்தியப் பருத்தியின் விலை ஏறிற்று. வாணிக உலகில் திருநெல்வேலிப் பருத்தி எனப் பெயர் பெற்ற பஞ்சு தூத்துக்குடி வழியே கப்பலேறிற்று. திருவில்லிபுத்தூர் அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அடிமை வழக்கால் மூண்ட போர், விலையேற்றமாக இந்நிலத்திற்கு வந்தது, வினாவாக வரவில்லை.

5. நந்தனும் டாமும்

ஏன் வரவில்லை? அக்காலத்துச் சட்ட வரலாறு ஒரு விடையைத் தருகின்றது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை விலக்கி வைத்தது. பின்னர் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை மீதான உரிமையை எந்த நீதிமன்றமும் நிலைநாட்டலாகாது எனக் கூறிற்று. அடிமையை வைத்திருத்தல் குற்றமென அது கூறவில்லை. குற்றமாக்கியது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே. ஆக, தமிழகத்தில் ஓலை செல்லாதாயிற்று; ஆனால் செல்லாதாக்கியது மக்கள் அவையன்று, அயலார் அரசு. நாட்டார் கூடி வாதிட்டு, இரு தரப்பாகப் பிரிந்து, ஒரு முடிவுக்கு வந்ததன் பயனாக அஃது ஒழியவில்லை. எனவே ஓலை போன பின்னும் கடன் நின்றது. கடன் வழியே பண்ணையாள் முறை நின்றது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது.

மற்றொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் அடிமை நிலத்திற்கும் உரிமை நிலத்திற்கும் இடையே எல்லை இருந்தது. ஆதலின் ஓடிச்செல்ல ஓரிடம் இருந்தது. ஓடி வந்தவனைக் கண்டு நாணும் மனிதரும் இருந்தனர். நம் நாட்டில் அவ்வெல்லை ஊருக்கும் சேரிக்கும் இடையே கிடந்தது. ஒவ்வோர் ஊரும் தனக்குள் இரண்டாகப் பிரிந்திருந்தமையால், நாடு இரண்டாகப் பிரிந்து வாதிட இடமில்லாது போயிற்று.

இச்சூழலில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. அமெரிக்கப் போர்க்காலமும் அதுவே. சேக்கிழார் காட்டும் திருநாளைப்போவார், ஊர்ப்பணிக்கு விடப்பட்ட நிலத்தின் வருவாயில் வாழ்ந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் அளிக்கும் தொண்டர். அவருக்கு மேல் தனித் தலைவன் ஒருவன் பெரிய புராணத்தில் இல்லை. பாரதியார் நந்தனைப் பண்ணையாளாக்கி, அவன் மேல் வேதியராகிய நிலக்கிழாரை அமைத்தார். தில்லைக்குச் செல்ல விடை வேண்டி நிற்கும் நந்தனும், விடை தர மறுக்கும் வேதியரும் எதிரெதிரே நிற்கும் காட்சி தமிழுக்குப் புதியது. ஓலையின் அறம் இசைப்பாட்டாக முதன்முதல் அவையேறிய இடம் இது எனின் மிகையாகாது. பாரதியார் தம் காலத்துக் காவிரி நாட்டு வயலைக் கண்ணாற் கண்டவர் என்பது இம்மாற்றத்தால் விளங்கும்.

ஆனால் வழக்கு எவ்வாறு தீர்கின்றது? நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்த பின் போகலாம் என்கின்றார் வேதியர். இறைவன் அருளால் ஓரிரவில் அஃது முடிந்துவிடுகின்றது. வேதியர் வியந்து நந்தனை வணங்குகின்றார். நந்தன் தில்லை செல்கின்றான். தீயில் புகுந்து இறைவனோடு கலக்கின்றான். வேதியர் எதனையும் இழக்கவில்லை. நாற்பது வேலியும் விளைந்து கிடக்கின்றது. நந்தனோடு பணிசெய்த ஏனைய பண்ணையாட்களைப் பற்றி நூல் பேசவில்லை. அற்புதம் நந்தனை விடுவித்தது. அதனோடு, விடுவிக்கும் கடமையினின்று வேதியரையும் விடுவித்துவிட்டது.

ஸ்டோவின் கதையிலும் டாம் பொறுமையே வடிவானவன், இறைப்பற்று மிக்கவன், தப்பிச்சென்ற பெண்களைக் காட்டிக்கொடுக்க மறுத்து அடியுண்டு இறக்கின்றான். அவனது அளவிறந்த பணிவைப் பிற்காலத்துக் கருப்பின எழுத்தாளர் கடுமையாகக் கண்டித்துள்ளனர், அக்கண்டனம் நியாயமானதே. எனினும் கதையில் அற்புதம் நிகழவில்லை. அவனை மீட்க வந்த இளைய தலைவன் காலந் தாழ்ந்து வருகின்றான். வந்த பின் தன் பண்ணையின் அடிமைகள் அனைவரையும் விடுவிக்கின்றான். பிறிதோரிடத்தில், தப்பியோடியோரைப் பிடிக்கும் சட்டத்திற்கு ஆதரவளித்துவிட்டு வீடு திரும்பும் மேலவை உறுப்பினர் ஒருவர், அன்றிரவே தம் வீட்டை அடைந்த அடிமைத் தாயைத் தாமே வண்டியேற்றிக் காக்கின்றார். நாடு பிளவுறுமுன் ஒரு மனிதனின் நெஞ்சு பிளவுறுவதை அக்காட்சி காட்டுகின்றது. படிப்போன் தன்னை அம்மனிதனின் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவனாகின்றான்.

கலை நயத்தில் நந்தனார் சரித்திரம் குறைந்ததன்று. அதன் இசை வளம் இன்றும் அவையோரைக் கண்ணீர் சிந்த வைக்கின்றது. வேறுபாடு கண்ணீரின் பயனில் உள்ளது. ஸ்டோவின் நூல் வரவழைத்த கண்ணீர், படித்தவனிடம் ஒரு செயலை வேண்டிற்று. நந்தன் கதையில் செயலனைத்தையும் இறைவனே செய்து முடித்துவிட்டமையால், கேட்டவன் செய்வதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. நிலக்கிழாரும் அமர்ந்து கேட்டு உருகத்தக்க கதையாக அஃது அமைந்தமைக்குக் காரணம் இதுவே.

6. கூழாள் பேசியபோது

அவ்வாறாயின் தமிழில் இவ்வழக்கு எப்பொழுது எழுந்தது? 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் குடிசையில் எரியுண்டனர். நந்தன் புகுந்து மீண்ட தீயினின்று இவர்கள் மீளவில்லை. இந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975இல் வெளிவந்தது. பூமணியின் ‘பிறகு’ (1979) கரிசற் சிற்றூர் ஒன்றின் சக்கிலியர் வாழ்வை அணியின்றி எடுத்துரைத்தது. வழக்கு இலக்கிய அவையை அடைந்துவிட்டது என்பதற்கு இவை சான்று.

நம் ஆய்வுக்கு மிக அணித்தான சான்று திருவில்லிபுத்தூர்ப் பகுதியிலிருந்தே வருகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பைச் சூழ்ந்து கூமாப்பட்டி, புதுப்பட்டி முதலிய ஊர்கள் உள்ளன. மலையினின்று இறங்கும் நீரால் நெல் விளையும் நிலம் அது. புதுப்பட்டியில் பிறந்த பாமா எழுதிய ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. அந்நூலில் இரு காட்சிகளை நம் கருத்துக்கு இயைய எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: சிறுமியாகிய கதைசொல்லி, ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தின் கயிற்றை மட்டும் பிடித்து, பொட்டலத்தைத் தொடாது தூக்கிச் செல்வதைக் காண்கின்றாள். அது வேடிக்கையாகத் தோன்ற, வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொல்கின்றாள். அண்ணன் சிரிக்கவில்லை. நிலக்கிழாருக்குரிய பண்டத்தைத் தொட்டால் தீட்டாம், அதனால்தான் அவ்வாறு தூக்கிச் சென்றார் என விளக்குகின்றான். அவள் சிரிப்பு சினமாகின்றது. முக்கூடற்பள்ளின் தொழுமரக் காட்சியில் தொடங்கிய சிரிப்பு, இங்கே ஒரு சிறுமியின் தொண்டையில் அடைபட்டு நிற்கின்றது. இலக்கிய வரலாற்றில் இஃது சிறிய நிகழ்ச்சியன்று.

இரண்டாவது: அவளுடைய பாட்டியர் நிலக்கிழார் வீடுகளில் பணிசெய்கின்றனர். பணி முடிந்ததும் எஞ்சிய சோற்றை வீட்டார் மேலிருந்து, கலம் தொடாது, பாட்டியின் கலத்தில் இடுகின்றனர். இதனை ஏன் வாங்குகின்றாய் என்று பேர்த்தி கேட்கின்றாள். இவர்கள் இல்லையேல் நாம் எவ்வாறு பிழைப்பது, தலைமுறை தலைமுறையாக இப்படித்தானே என்னும் கருத்தில் பாட்டி விடை கூறுகின்றாள். தலைமுறை தலைமுறையாக என்பது வெண்ணெய்நல்லூர் ஓலையின் வாசகமன்றோ! எழுதப்படாத ஓலை ஒன்று பாட்டியின் நாவில் இருக்கின்றது. பேர்த்தி கேட்கும் வினாவோ, வெண்ணெய்நல்லூர் அவையில் எவரும் கேளாத வினா. பாட்டன் எழுதியது பேரனைக் கட்டுமோ என்று சுந்தரர் கேட்டிருக்கலாம். கேட்டவள் வத்திராயிருப்புச் சீமையின் சிறுமி.

கூழுக்காக ஆளானவரைக் குழுவில் புகவிடோம் என்று பாடியவர் வாழ்ந்த அதே சீமையில், கூழுக்காக ஆளான ஒரு மூதாட்டியின் பேர்த்தி எழுத்துலகில் புகுந்துவிட்டாள். அதுகாறும் கூழாளைப் பற்றிப் பிறர் பேசினர், உவமையாக்கினர், நகைத்தனர், இரங்கினர். அவன் பசியை அவனே கூறவில்லை. கூழாள் தன் வாயால் பேசத் தொடங்கியபோதுதான் தமிழில் அடிமை வழக்கு முழுமை பெற்றது எனலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், பக்தி இலக்கியத்தின் அடிமைத் தத்துவத்தைத் தள்ளிவிடல் வேண்டும் என்று கொள்ளற்க. விலைப்பொருளின் பெயரைத் தன் பெயராக ஏற்று, அதனைப் பெருமைப்பெயராக்கிய நெஞ்சங்களின் உயர்வு மறுக்கற்பாலதன்று. அமெரிக்கப் போர் போன்றதொரு போர் நம் நாட்டில் மூண்டிருத்தல் வேண்டும் என்பதும் கருத்தன்று. அத்துணைக் குருதி சிந்திப் பெற்ற விடுதலையும், பல்லாண்டுக் காலம் பெயரளவில் நின்றதை அந்நாட்டு வரலாறு கூறும். கருத்து இதுவே: வாதிக்கப்படாத வழக்கு ஒழிவதில்லை, பெயர் மாறி நிற்கும். ஆளோலை கடனோலையாயிற்று, கடனோலை சோற்றுக் கலமாயிற்று.

திருப்பல்லாண்டைக் கற்பிக்கும் ஆசிரியர், வாழாளின் பெருமையை விளக்கும்போதே, கூழாள் யார், அவன் ஏன் கூழுக்கு விற்றான், வாங்கியவர் யார் என்னும் வினாக்களையும் மாணவர் முன் வைத்தல் வேண்டும். திருப்பாம்புரக் கல்வெட்டினைப் பாசுரத்தின் பக்கத்தில் வைத்துப் படித்தல் வேண்டும். தொழுமரக் காட்சியைப் பொட்டலக் காட்சியோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். அவ்வாறு படித்தால் பாசுரத்தின் சுவை குன்றாது. அதன் உவமைக்குள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் அடைபட்டிருந்த மனிதன் வெளிவருவான். அவனுக்கு இருக்கை தருதல் தமிழாராய்ச்சியின் கடமையாகும்.